ஜன்னலுக்கு வந்த உயரக்காரர்

இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து என் மாமியாருக்கு மாடி ஜன்னல்தான் உலகம். அந்த உலகத்தையும் திட்டிக்கொண்டேதான் பார்ப்பார்.

ரேடியோகூட எல்லா வீட்டிலும் இல்லாத காலம் அது. ஒருநாள் தெருவில் ஒரே ஆரவாரம்.

"காலு இருக்கறவனுக்கெல்லாம் கொண்டாட்டம்" என்று மாமியார் முனகி முடிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் வந்து நின்றது. மாடி ஜன்னலில் மனித முகம்! என் கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது.

எட்டிப் பார்த்தேன். செருப்புக்கடை விளம்பரத்துக்காக நெட்டையான மூங்கில் கால்களைக் கட்டிக்கொண்டு நடப்பவர். கால்சட்டை அருவி போல இறங்கியது. அதன் அடியில் படகு படகாய் இரண்டு செருப்புகள். தெருவே வாய் பிளந்து அண்ணாந்து நின்றது.

"அம்மா, ஜன்னலுக்குக் கீழ இருக்கற இந்த சன்ஷேடுல கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? இந்தக் காலோட தரையில உக்காந்தா நானா எந்திரிக்க முடியாது."

பெற்ற மகனையே உட்காரச் சொல்லாத மாமியார் அவரை வியந்து பார்த்தார்.

"எனக்கும் அதே கதைதான். உக்காருப்பா."

இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது அவர் ஒரு நோட்டீஸ் நீட்டினார். மாமியார் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு காலை மூடியிருந்த போர்வையை விலக்கினார்.

"இந்தக் காலுக்கு உங்க கடையில இருக்குமா?"

அவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"இருக்கும்மா."

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"என்னடி பாத்துட்டு நிக்கிற? நூலை எடுத்துட்டு வந்து அளவெடு."