வாலை விழுங்கிய பொத்தான்

வேலையிடத்தில் அவனுக்கு முந்திரி என்று பெயர். முந்திரிக்கொட்டையின் சுருக்கம்தான், வேறென்ன? யாராவது "லிஃப்ட் நடுவுல..." என்று வாயெடுத்தால் போதும், "நிக்குது, கதவு திறக்கலை, அதானே?" என்று முடித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அந்த முந்திரியை வேறு ஊர்க் கிளைக்குப் பொறுப்பாகப் போடுகிறார்கள். போகிறானா இல்லையா என்று நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் மனைவியோ "பார்க்கலாம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இல்லாமல் தனியாகப் போய் இருக்க அவனுக்கு மனசில்லை. வீட்டில் கேட்டால், துணி காய்கிறது, பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுகிறாள். ஓடுகிற பைக்கிலிருந்து எங்கே எழுந்து போவாள்? இருவருக்கும் தனித்தனி பைக். ஹெல்மெட்டில் மாட்டுகிற வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டான்.

ஹெல்மெட்டுகளைத் தரையில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். கன்னத்துப் பஞ்சைக் கழற்றி, காது வருகிற குழியில் ஸ்பீக்கரை ஒட்டினான். ஒயரை உள்துணிக்கு அடியில் நுழைத்தான். மைக்கை வாய்க்கு நேரே வளைத்துவிட்டு, இரண்டு கருவியையும் ஒரே சேனலில் வைத்தான்.

"இந்தப் பொத்தானை அமுக்கினா நீ பேசலாம். விட்டா நான் பேசுறது கேக்கும். நீ அமுக்கிட்டிருக்கிற வரைக்கும் நான் குறுக்க பேச முடியாது, புரியுதா?"

"அட, இது ரொம்ப நல்லா இருக்கே!" என்றாள். அவள் ஏன் அதை அவ்வளவு ரசித்தாள் என்று அவன் யோசிக்கவில்லை.

ஹெல்மெட்டோடு அவள் மாடிக்குப் போனாள். "கேக்குதா? ஐயோ, நான் அடுப்பை அணைக்க..." க்ளிக்.

"அணைக்கப் போறியா, சரி சரி," என்றான் இவன், மைக்கைத் திருகிக்கொண்டே. அவள் தடதடவென்று இறங்கி ஓடி வந்தபோது பால் அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

"அணைக்க மறந்துட்டேன்னு சொன்னேங்க!"

"அம்மா தாயே, முழுசா சொல்லிட்டு விரலை எடு! நம்ம பேச்சுல உயிரே வால்லதான் இருக்கு!"

"பழக்கதோஷம்," என்று சிரித்தபடி அடுப்பைத் துடைத்தாள்.

பொத்தான்களை ஹேண்டில்பாரில் இடது கட்டைவிரலுக்கு எட்டும்படி பட்டை போட்டுக் கட்டினான். கிளம்பினார்கள். ஆற்றோரச் சாலையில் கூட்டமில்லை. இவன் முன்னால், அவள் கண்ணாடியில். எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

"என்னங்க... நானும் யோசிச்சுப் பார்த்தேன். உங்ககூட அங்க வர..." க்ளிக்.

அவ்வளவுதான். காதில் வெறும் இரைச்சல். வரேனா? வரலையா? அவனுக்குப் பொறுக்கவில்லை. விரல் பொத்தானில் பாய்ந்தது. "வரலைங்கிற, அதானே? எனக்குத் தெரியும்! நான் மட்டும் ஆசைப்பட்டா போறேன்..." என்று பொரிந்து தள்ளினான். கண்ணாடியைப் பார்த்தால், அவள் தலை ஆடிக்கொண்டிருக்கிறது. அவளும் பேசிக்கொண்டிருக்கிறாள்! விரலை வெடுக்கென்று எடுத்தான்.

"...அதனாலதான் இத்தனை நாளா வாயே திறக்கலை," என்று கடைசித் துண்டு மட்டும் வந்து விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலை. நான் குறுக்க பேசிட்டேன். மறுபடியும் சொல்லு."

"வர பயமா இருக்குன்னு சொன்னேன்."

அந்த 'வர'வுக்கு அப்படி ஒரு முடிவு இருக்கும் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

"இங்க அக்கா இருக்கா, லேப்ல கூட வேலை பார்க்கிறவங்க இருக்காங்க. வாய்விட்டுப் பேசிக்குவேன். அங்க உங்களை விட்டா யாரு? நீங்கதான் நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை முடிச்சுடுவீங்களே. எப்படியும் நீங்கதான் முடிப்பீங்கன்னு நானே பாதியில நிறுத்தப் பழகிட்டேன்." க்ளிக்.

அவனுக்கு முகம் சுட்டது. வழிந்த பால் ஞாபகம் வந்தது. நாக்கு நுனியில் சமாதானங்கள் முண்டியடித்தன. பொத்தானை அமுக்கி, "ம்," என்றான். விரலை எடுத்துவிட்டான்.

அவள் பேசினாள். அந்த ஊரில் வேலை கிடைக்குமா என்பதை, அக்காவைப் பிரிவதை, என்றோ ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் அவள் பேச்சை அவன் வெட்டியதைப் பற்றியெல்லாம். ஆறு திரும்பிப் பாலம் வரும் வரைக்கும் பேசினாள். அவன் ம் கொட்டியதோடு சரி. அதற்கே அவனுக்கு உயிர் போயிற்று.

பாலத்தின் மேல் அவள், "நாளைக்கு நீங்க ஆபீசுல பதில் சொல்ல..." என்று விட்டாள். பழக்கம் விடுமா?

சொல்லணுமே, அதானே? கட்டைவிரல் துடித்தது. "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

"சொல்லிடுங்க. ரெண்டு பேரும் வர்றோம்னு."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.