தறியோரம் வைத்த போன்

ஆங்கிலத்தில் லைன் என்ற சொல்லுக்கு ஆதியில் நூல் என்றுதான் பொருள் என்று நாகஜோதி போனில் படித்தாள். எரிச்சல் வந்தது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவள் அவள். அங்கே கரண்டுக் கம்பியும் லைன்தான். அவள் புருஷன் மாரிக்கண்ணன் மாதக்கணக்கில் லாரியோடு வடக்கே அலைவதும் லைனுக்குப் போவதுதான். நூலென்றால் பிடித்து இழுத்தால் வரவேண்டாமா?

தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அவன் கூப்பிட்டால் போனை எடுத்துத் தறியோரம் வைத்துவிடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவன் சாப்பிடுவான்.

இன்று அவன் கூப்பிட்டிருந்தபோது கரண்டு போய்த் தறிகள் நின்றன. அவள் போனைக் காதில் வைத்தாள்.

"லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன்."

ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "எப்ப வாரீக?" என்றாள்.

அவன் பதில் சொல்லும்போது கரண்டு வந்து, எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடத் தொடங்கின.