தாறுமாறு என்று திட்டியவள்

கண்ணாடிக் கடையில் டம்ளர்களுக்குக் காகிதம் சுற்றி அடுக்குகிறவளுக்கு எதுவும் வரிசையாக இருக்க வேண்டும். வாய்த்த புருஷனோ பெயிண்டர். சட்டையைக் கழற்றினால் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. செருப்பு ஒன்று வாசலில், இன்னொன்று கட்டிலுக்கடியில். எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்தது ஒரே சொல்: தாறுமாறு. அவன் தலைமுடி தாறுமாறு, தூக்கத்தில் புரள்வது தாறுமாறு, கோபம் வந்தால் பேச்சும் தாறுமாறு. "அம்மா, உன் தாறுமாறு வந்தாச்சு!" என்று சொல்லித்தான் சின்ன மகள் அப்பாவுக்குக் கதவைத் திறப்பாள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே வருவான். அந்தச் சொல்லில் பாதிக்கு மேல் செல்லம்தான்.

பிறகு அவன் சுவரில் இழுத்த கோடு வளைந்தது. நடை கோணியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விரல்கள் தம்பாட்டுக்கு ஆடின. "குடிச்சிட்டு ஏணியில ஏறாதே" என்று மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்தினார். குடிக்கவில்லை என்று அவன் சொன்னதைக் கட்டியவளே நம்பவில்லை, அதுதான் கொடுமை. வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாள். வாடை இல்லை என்றதும் எரிச்சல் இன்னும் ஏறியது.

"பின்ன ஏன் இப்படித் தாறுமாறா நடக்கறீங்க?"

"நேராத்தான்டி நடக்கறேன்."

நரம்பு வியாதி என்றார் டாக்டர். ஆட்டத்தைக் குறைக்கலாம், குணப்படுத்த முடியாது. "உங்க அப்பாவுக்கு இருந்துதா?"

மாமனார் குடித்தே செத்தார் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"அவர் குடிச்சதே இல்ல டாக்டர். யாரும் நம்பல" என்றான் புருஷன்.

"பரம்பரையா வர்றது. பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம்."

மகளிடம் அதை மட்டும் சொல்லவில்லை. தாறுமாறு என்ற சொல்லும் வீட்டில் நின்றுபோனது. அவன் சோற்றைச் சிந்தினால் அவள் பேசாமல் துடைத்தாள்.

மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். ஒரு மாலை, அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவளின் கை வெட்டி இழுத்தது. டம்ளர் தரையில் சிதறியது. தன் கையையே ஒரு கணம் பார்த்துவிட்டு, துடைப்பம் எடுக்க உள்ளே போனாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திட்டுடி" என்றான் அவன், குழறலாக. "நீ சும்மா இருந்தா பயந்துடுவா."

மகள் வந்ததும் அம்மா தொண்டை கிழியக் கத்தினாள். "கண்ணை எங்க வச்சிருக்கே? எதை எடுத்தாலும் தாறுமாறு! அப்படியே அப்பன் மாதிரி!"

கடைசி வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. மகளோ நிம்மதியாகச் சிரித்தாள். "அப்பாடா, அம்மா திட்டி எத்தனை நாளாச்சு!"

துடைப்பத்தைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.