மூன்றாம் தெருவுக்கு ஒரு வாஷர்

என் தங்கச்சி எதிர்க்கட்சி வேட்பாளர். நான் குழாய் ரிப்பேர் பார்ப்பவன். அவள் வாயைத் திறந்ததால் என் முதுகு ஒடிந்த கதை இது.

ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். "அண்ணே, இதுதான் கடைசி. இதுலயும் தோத்தா பழையபடி பள்ளிக்கூட ஆபீஸ்ல டைப் அடிக்கப் போயிடுவேன்" என்றபோது அவள் கண் கலங்கியது.

ஆளுங்கட்சி, ஊர் நடுவே வானத்தைத் தொடும் கோபுரம் கட்டுவோம் என்றது. இவள் தெருமுனையில் மைக்கைப் பிடித்தாள். "கோபுரம் கெடக்கட்டும்! குழாய்ல தண்ணி வரணும், தெருவிளக்கு எரியணும், குப்பை அள்ளணும். அரசாங்கத்துக்கு இதைவிட என்ன வேலை?" கைதட்டல் காதைப் பிளந்தது.

மூன்றாம் தெருவில்தான் வந்தது வினை. தையல்காரம்மா வாசலில் நின்று, "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க குழாய் மூணு மாசமா ஒழுகுது. முதல்ல அதைச் சரிபண்ணு, பாக்கலாம்" என்றார்.

தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கொடி பிடிக்க வந்தவன்!

"அண்ணே, உன் பை எங்க?"

வாஷர் மாற்றினேன். பக்கத்து வீட்டில் ஃபிளஷ் டேங்க். எதிர்வீட்டில் அடைத்துக்கொண்ட சிங்க். உள்ளேயிருந்து யாருடையதோ பல்செட் வந்தது. பத்து நாளில் நாற்பத்தொரு வீடு. ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் வீட்டையும் விடவில்லை. "அவருக்கும் குளிக்கத் தண்ணி வேணும்ல" என்றாள். அடிப்பாவி, உனக்கென்ன, குனிந்தவன் நானல்லவா!

தெருவே எங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. "இந்தத் தடவை நீதாம்மா" என்று தையல்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

நூற்றுப் பத்து ஓட்டில் தோற்றாள். மற்ற தெருக்களில் முன்னிலைதான். மூன்றாம் தெருப் பெட்டியில் மட்டும் எங்களுக்கு விழுந்தது நாலே ஓட்டு.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கையில் இருந்த ஸ்பேனரோடு நேரே தையல்காரம்மா வீட்டுக்குள் போய் நின்றேன்.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அவர் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பேசினார். "கோவிச்சுக்காத தம்பி. தெருவே கூடிப் பேசித்தான் முடிவெடுத்தோம். உன் தங்கச்சி தங்கமான பொண்ணு. ஆனா போன தடவை ஜெயிச்சவரும் ஓட்டு கேக்கிறப்ப எங்க குப்பையைத் தன் கையாலதான் அள்ளினாரு. ஜெயிச்சாரு, அதோட சரி, ஆளையே காணோம். தோத்தவங்கதான்பா திரும்பி வர்றாங்க. உங்களை இழக்க எங்களுக்கு மனசே வரல."

என் பின்னாலேயே வந்த தங்கச்சி வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் இனிமே நிக்கமாட்டேன்க்கா. திங்கக்கிழமை பழைய வேலைல சேர்றேன்."

மிஷின் நின்றது. தையல்காரம்மா எழுந்தே விட்டார்.

"நிக்கமாட்டியா? ஐயையோ, அப்புறம் எங்க தெருவுக்கு யாரு வருவா?"