கோதை என்று கூப்பிட்ட காட்சி

மதுமதியின் படத்தில் யமுனை டெல்லிக்குள் ஏறிவிடும். ஊரே காலி செய்துகொண்டு போன பிறகு, துவாரகாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் கிழவர் ஒருவர் மட்டும் காணாமல்போன மனைவிக்காகக் காத்திருப்பார். ஒரு கல்யாண வீடியோ எடுப்பதற்கான வசதிகூட மதுவிடம் இல்லை. ஆசை மட்டும் ஒரு நகரத்தையே மூழ்கடிக்கும் அளவுக்கு இருந்தது.

கிழவராக நடித்தவர் ராஜசேகரன். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மது வீட்டுக்கு எதிர் பிளாக்கில் தனியாக இருந்தார். பொங்கல் விழா நாடகங்களைத் தவிர வேறெதிலும் நடித்ததில்லை. மனைவி பூங்கோதை கொரோனாவில் இறந்த பிறகு அதையும் விட்டிருந்தார். மது போய்க் கேட்டபோது, "என்னை வெச்சு எடுத்தா உன் படத்தை யாரும்மா பாப்பாங்க?" என்று சிரித்தார். ஆனால் மறுநாளே தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரிக் குளிர். தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பிய ஹாலில், முழங்கால் நனைய நின்று அவர் மனைவியைக் கூப்பிட வேண்டும். கதையில் அவள் பெயர் ஜானகி. ராஜசேகரன் ஜன்னலைப் பார்த்தார்.

"கோதை..." என்றார். "கோதை, நான் இங்கதான் இருக்கேன். வந்துடு."

குரல் உடைந்துபோயிற்று. கேமரா பிடித்த மதுவின் நண்பன் மாதவ் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சாரிம்மா, பேரு மாறிப்போச்சு. இன்னொருவாட்டி பண்ணிடறேன்."

"வேணாம் அங்கிள். இதுதான், இதேதான்," என்றாள் மது. ஜானகி என்ற பெயர் கதையிலிருந்தே போயிற்று.

வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் செய்ததும் மாதவ்தான், ஆபீஸ் வேலைக்கு நடுவே. எத்தனை மாதம் முட்டி மோதியும் தண்ணீர் தண்ணீராக வரவில்லை.

"அரே மது, இதைத் தூக்கிடு. சத்தம் மட்டும் போதும். அங்கிள் முகத்துலயே வெள்ளம் தெரியுது," என்றான்.

"ஊர் மூழ்கறதைக் காட்டலேன்னா அப்புறம் இது என்ன படம்? ரெண்டு ரூம்ல எடுத்த டிராமா," என்றாள் அவள்.

லோதி ரோடு பக்கம் ஒரு சின்ன அரங்கில், ஒரு பட விழாவில் திரையிட்டார்கள். ராஜசேகரன் இஸ்திரி போட்ட சட்டையில், பழைய ஆபீஸ் நண்பர்களை அழைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார்.

பாதிவரை அமைதியாகத்தான் போயிற்று. பிறகு வெள்ளம் வந்தது. அவ்வளவு பெரிய திரையில் அது நீல ஜெல்லி மாதிரி மேம்பாலத்தின் மேல் வழுக்கியது. மெட்ரோ ரயில் ஒன்று பொம்மையாய்ப் புரண்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ராஜசேகரனின் முகம் திரையை நிறைத்துவிட்டது.

"கோதை..."

அரங்கு இன்னும் பலமாகச் சிரித்தது.

இருட்டில் மதுவுக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அது அசையவேயில்லை. பக்கத்திலிருந்த நண்பர் அவர் தோளில் கையை வைத்தார்.

திரும்பும்போது டாக்சியில் அவர் கேட்டார். "நான் கொஞ்சம் ஜாஸ்தியா பண்ணிட்டேனாம்மா?"

"ஐயோ, இல்ல அங்கிள். என் வெள்ளத்தைப் பாத்துச் சிரிச்சாங்க. மாதவ் அப்பவே சொன்னான், நான்தான் கேக்கல."

"அச்சா," என்றார். வண்டி தௌலா குவானைத் தாண்டியது. "மொதல்ல சிரிச்சது வெள்ளத்துக்கு, சரி. நான் வந்தப்புறமும் சிரிச்சாங்களே?"

மது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பேரை மட்டும் கட் பண்ணிட முடியுமா மது? அவ பேரைச் சொன்னதும் ஒரு கூட்டமே சிரிச்சுதுன்னு இருக்கக் கூடாதும்மா."

அந்த வாரமே மது வெள்ளத்தை முழுவதுமாக வெட்டி எறிந்தாள். தண்ணீர்ச் சத்தம், அவர் முகம், அந்தக் கூப்பிடல். பார்த்து முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை காலமும் அவள் எடுக்க நினைத்த படம் இதுதான். உடனே போன் செய்தாள்.

"அங்கிள், வெள்ளமே இப்ப இல்ல. ஒருவாட்டி வந்து பாருங்க, ப்ளீஸ். யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நல்லாத்தான் பண்ணியிருப்ப. பேரு?"

"...இருக்கு அங்கிள்."

"கட் பண்ணிடும்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார்.

மது அப்படியே செய்தாள். பெயரோடு அந்தக் கூப்பிடலே போன பிறகு, ஒரு கிழவர் தண்ணீரில் நின்று ஜன்னலைப் பார்த்து வாயை அசைப்பது மட்டுந்தான் அதில் மிஞ்சியது. அந்தப் படத்தை அதன்பின் அவள் எந்த விழாவுக்கும் அனுப்பவில்லை.