நாலெழுத்துக்குக் கைதட்டல்

என் மாமியார் செய்தது அநியாயம். சீனாவின் ஈவூ சந்தையில் எந்தக் கடைக்காரரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள் விருந்து. ஆண்பிள்ளை கிடையாது, இரண்டும் பெண்கள். அப்படியென்றால் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தி வாழ்த்துவது மூத்த மாப்பிள்ளையின் உரிமை. மூத்த மாப்பிள்ளை நான்தான். சிரியாவின் அலெப்போ கடைத்தெரு ஆர்மீனியன். ஜிப் வாங்க இந்த ஊருக்கு வந்து, பெண்ணைக் கட்டி, மாமனாரின் பொத்தான் கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். நெர்சேஸ் என்ற பெயர் இங்கே எவர் வாயிலும் நுழையாது. ‘நியே’ என்று கேளுங்கள், சந்தையே கை காட்டும்.

விருந்துக்கு முந்தின வாரம் மாமியார் மெல்ல ஆரம்பித்தார். “மாப்ளே, இந்தத் தடவை ராஸ்முஸ் வாழ்த்துச் சொல்லட்டுமே.”

ராஸ்முஸ் டென்மார்க்காரன். கொழுந்தியாளுக்கு நிச்சயம் செய்த பையன். கல்யாணம்கூட இன்னும் ஆகவில்லை!

“ஏன் அத்தை, என் வாய்க்கு என்ன கேடு?”

“நீ நல்லாத்தான் பேசுற. ஆனா மூட்டை தூக்குறவன் மாதிரியில்ல பேசுற? அவன் வாயைத் திறந்தா படிச்ச வாசனை வருது.”

படிச்ச வாசனை! அது என்ன வாசனை என்று எனக்குத் தெரியாதா? சீனத்தில் நாலே எழுத்தில் அடங்கும் பழைய சொலவடைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ராஜாவோ, ஒரு போரோ, ஒரு மடையனோ இருப்பான். பயல் அவற்றை மூட்டை மூட்டையாக நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். தேநீர் ஊற்றினால் ஒன்று எடுத்துவிடுவான். மழை பெய்தால் ஒன்று. மாமியார் மீன் தட்டை வைத்தால் இரண்டு. வீடே கைதட்டும். “அடேயப்பா, நம்ம பசங்களுக்கே இது தெரியாதே!”

அதே பயலைக் கடையில் உட்கார வைத்தோம். “கடைசி விலையைச் சொல்லுப்பா, லாரி நிக்குது” என்று ஒருவர் ஊர்ப் பேச்சில் கத்தியதும் திருதிருவென்று முழித்தான். நான் ஓடிப்போய் விலை பேசி லாரியை அனுப்பினேன். அதற்கு எவன் கைதட்டினான்?

“பேசிட்டுப் போறான் விடு, உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?” என்றாள் மனைவி யாஃபென்.

“என் உரிமை குறைஞ்சுபோச்சு!”

“அதுக்கு என்ன விலை சொல்ற?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வியாபாரி பெண்.

மண்டபத்தில் மதிய விருந்து. மேசைக்கு மேசை பொத்தான், ஜிப், ரிப்பன் வியாபாரிகள். வசந்த காலத்தில் மாமனார் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது என்னையும் மனைவியையும் மாமியாரையும் தவிர யாருக்கும் தெரியாது. “தெரிஞ்சா நாளைக்கே என் கடைக்கு விலை பேச வந்துடுவானுங்க” என்று மனிதர் எங்கள் வாயைக் கட்டியிருந்தார். சாராயம் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாமியார் அவருக்கு ஊற்றவென்று ஒரு சாராயப் பாட்டிலில் பச்சைத் தண்ணீரை நிரப்பித் தன் காலடியில் வைத்திருந்தார்.

ராஸ்முஸ் எழுந்தான். ஆயுள், செல்வம், பேரப்பிள்ளை, எதையும் விடவில்லை. நாலெழுத்து நாலெழுத்தாகக் கொட்டினான். மண்டபம் அதிர்ந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பேச்சுக்கு இத்தனை வருஷத்தில் அவர் மூக்கைக்கூடத் துடைத்ததில்லை.

அதோடு உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? மரியாதையைப் புத்தகத்தில் படித்தவனாயிற்றே. மேசையில் இருந்த நிஜப் பாட்டிலை இரு கையாலும் எடுத்து, குனிந்து, மாமனாரின் வெறும் கோப்பையை விளிம்புவரை நிரப்பினான். தன் கோப்பையை அதற்குக் கீழே தாழ்த்தி இடித்து, ஒரே மடக்கில் குடித்து, கவிழ்த்தும் காட்டினான். இனி பெரியவர் கோப்பையைத் தொடாமல் வைக்க முடியாது. வைத்தால் ஏன் என்று மண்டபமே கேட்கும். மாமனாரின் கை மேலே போனது. வீம்புக்காரர், குடித்தே விடுவார். மாமியார் முகத்தில் ரத்தம் இல்லை. பயலோ அடுத்த சொலவடைக்கு வாயைத் திறக்கிறான்!

எழுந்தேன். மாமனார் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கி மடமடவென்று குடித்துவிட்டேன்.

ஒருவர் கோப்பையை அவருக்காக இன்னொருவர் குடிப்பது இங்கே வழக்கம்தான். ஆனால் சொந்த ரத்தம் போல உள்ளவன்தான் குடிக்கலாம். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“என்னய்யா இது?” என்றேன், மூட்டை தூக்குகிற அதே குரலில். “எல்லாரும் நேரா முதலாளிகிட்டயே போயிடுவீங்களா? முதல்ல ஏஜெண்டைப் பாருங்க. இன்னிக்கு மாமா கோப்பைக்கு நான்தான் ஏஜெண்ட். வரிசையா வாங்க!”

ரிப்பன் கடை சூ கத்தினார்: “ஏஜெண்டுக்குக் கமிஷன் என்னப்பா?”

“நாளைக்குக் காலைல தலைவலி!”

சிரிப்பில் மேசைகள் குலுங்கின. ஒருவர் விடாமல் வந்தார்கள். அத்தனை பேருக்கும் நானே குடித்தேன். மாமனார் தண்ணீர்க் கோப்பையை ராஜா மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்றிக்கால் வறுவலில் பெரிய துண்டை மாமியாரே என் கிண்ணத்தில் வைத்தார். “குடும்பத்தைக் காப்பாத்தினே, மாப்ளே.”

தலை சுற்றியது. எனக்குள் இருந்த வியாபாரிக்குச் சுற்றவில்லை. “அப்போ எண்பதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து என்னோடதுதானே, அத்தை?”

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் பக்கத்து நாற்காலியை இழுத்துத் தன்னோடு ஒட்டிப் போட்டு, அதைத் தட்டிக் காட்டினார்.

“வாழ்த்தை அவன் சொல்லட்டும். பாவம், அவனுக்கு வேற என்ன தெரியும்? நீ இங்க உக்காரு.”

உட்கார்ந்தேன். அந்த நாற்காலியை இனி எவனுக்கும் விடமாட்டேன், எந்த விலைக்கும். ஆனாலும் பாருங்கள், வாசலில் விடைபெறும்போது சூ அந்தப் பயலின் கையைப் பிடித்து, “என்ன அழகான சீனம்!” என்று உருகினார். பிறகு என் தோளைத் தட்டினார்.

“நியே, நீ ரொம்பக் குடிக்கிறேப்பா. குறைச்சுக்கோ.”