காணாமல் போன சிவப்புக் குருவி

"அக்கா, என் குருவி எங்கே?"

தங்கை கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பதினாறு சுவரோவியங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, குளியலறையை இருட்டாக்கி நானே பிரதி போட்டிருந்தேன். மாலைக்குள் கண்காட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பேருந்து நிலையச் சுவர், பள்ளி மாடிப்படி, சலவைக்கடை ஷட்டர் எல்லாமே ஜோராக வந்திருந்தன. தங்கை வரைந்த குடியிருப்புச் சுவரிலும் ஜன்னல் இருந்தது, மழைநீர்க் குழாய் இருந்தது, இலைகள் இருந்தன. குழாயின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு மாடி உயரச் சிவப்புக் குருவியை மட்டும் காணோம்.

பச்சை இலைக்கு நடுவே சிவப்புக் குருவி. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கேமராவைத் தொட்ட முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். பெரிய புகைப்படக்காரி என்ற மிதப்பில் கோட்டை விட்டிருந்தேன்.

"வா, திரும்ப எடுத்துடலாம்."

"இன்னிக்குத்தான் அந்தச் சுவரப் பூசுறாங்க. தண்ணி கசியுதாம்." அவள் கண் கலங்கியது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினோம். ஃபிலிம் சுருளில் மிச்சம் ஒரே ஒரு படம். சாரத்தில் நின்ற கொத்தனார் குருவியின் வாலை ஏற்கெனவே பூசி முடித்திருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்!"

"ஒரு நிமிஷந்தான்மா. கலவை இறுகிடும்."

லென்ஸில் மாட்டும் சிவப்புக் கண்ணாடி வழியாக எடுத்தால் குருவி வெளுக்கும், இலை கறுக்கும். என்னுடைய சிவப்புக் கண்ணாடியோ வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது!

"சிவப்பா, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி எதையாவது கொண்டா!" என்று கத்தினேன்.

தங்கை கீழ்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் வீட்டுக்குள் பாய்ந்தாள். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தாள். "ஐயோ, என் பாலிசியெல்லாம் கீழ கொட்டிட்டாளே!" என்று அவர் பின்னாலேயே வந்தார். அவள் ஃபைலை லென்ஸுக்கு முன்னால் பிடித்தாள். கொத்தனார் கரண்டியைத் தூக்கியபடி அசையாமல் நின்றார். மூச்சை அடக்கி அழுத்தினேன்.

வீட்டில் சுருளைக் கழுவி, ஹேர் டிரையரால் காயவைத்து, படம் பதித்த காகிதத்தைத் தட்டிலிருந்த ரசாயனத்தில் போட்டேன். முதலில் இலைகள் கறுத்தன. அவற்றின் நடுவே அலகு, கண், விரித்த இறக்கை, பளீரென்று!

"வந்துடுச்சுக்கா!" அவள் குதித்த குதியில் வாளி கவிழ்ந்தது. நானும் குதித்தேன். அந்தச் சந்தோஷத்தில் தரையைத் துடைக்க யாருக்குத் தோன்றும்?

அப்புறம்தான் அவள் ஓரத்தைப் பார்த்தாள். மங்கலாக ஒரு திட்டு.

"ஐயையோ, என் கட்டைவிரல் விழுந்துடுச்சு. வெட்டிடுக்கா."

வரைந்து முடித்த அன்று, சுவரில் பெயர் எழுதக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். அவளும் தூரிகைகளைக் கழுவி எடுத்துவந்துவிட்டாள்.

"வெட்ட மாட்டேன்," என்றேன். "உன் பேரத்தான் போட விடல. விரலாவது இருக்கட்டும்."